பழைய தோட்ட டிராக்டருக்குப் புது சைலன்சர்: ஐந்துக்கு மூன்றரை

பாதியில் படிப்பதை நிறுத்துகிறவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைலன்சருக்கு ஐந்துக்கு மூன்றரை. விற்றவர்கள் அதற்கு எழுதியிருந்த விவரத்துக்கு ஒன்று, அதுவும் படம் தெளிவாக இருந்ததற்காக. பழையதைக் கழற்றுகிற வேலைக்கு மதிப்பெண் போட முடியாது, மருந்துதான் போட முடியும். என் வலது கை விரல் முட்டிகளில் இரண்டு இடத்தில் போட்டேன்.

பெட்டியில் மஃப்ளர் என்றுதான் அச்சடித்திருக்கிறது. நமக்கு மஃப்ளர் என்றால் கழுத்தில் சுற்றுவது, வண்டியில் இருப்பது சைலன்சர், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

வண்டி பழசு. கோலர் கே301 எஞ்சின், ஒற்றை சிலிண்டர், 476 சிசி, 3600 ஆர்பிஎம்மில் 12 குதிரைத்திறன், பிளாக் வார்ப்பிரும்பு. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை, சாவியைத் திருப்பினால் இரண்டு சுற்றில் பிடித்துக்கொள்ளும். அதைச் சுற்றி இருக்கிற தகரம்தான் ஒவ்வொன்றாக விடைபெறுகிறது. அந்த வரிசையில் இந்த முறை சைலன்சர்.

ஒரே நாளில் போகவில்லை. முதலில் சத்தம் கொஞ்சம் கரகரத்தது. அப்புறம் திராட்டிலைக் குறைக்கும்போதெல்லாம் பட் பட் என்று வெடித்தது. ஓட்டை வழியாகக் காற்று உள்ளே புகுந்து, எரியாமல் வந்த பெட்ரோல் ஆவி சைலன்சருக்குள்ளேயே பற்றிக்கொள்கிறது என்று அர்த்தம். நான் கார்புரேட்டரைச் சந்தேகப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்குக் கொடுத்தேன். கடைசியில் பானெட்டின் பக்கவாட்டுப் பெயின்ட் ஒரு கை அகலத்துக்குக் கொப்புளித்திருந்ததைப் பார்த்துத்தான் குனிந்து கை வைத்தேன். அடிப்பாகம் காய்ந்த சருகு மாதிரி விரலோடு வந்துவிட்டது. உள்ளே இருக்கிற தடுப்புத் தகடு ஒன்று கழன்று தனியாகக் கிடந்து ஆடிக்கொண்டிருந்தது. ஓட்டை எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்று கேட்டால், ஸ்டார்ட்டருக்குப் போகிற வயரைப் பார்த்து. வயரின் மேலுறை ஒரு இடத்தில் இளகி, பளபளவென்று ஆகியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சைலன்சர் வேலை வயரிங் வேலையாகவும் ஆகியிருக்கும். காய்ந்த புல் தூசி அந்த இடத்தில் எப்போதும் குவிந்திருக்கும் என்பதால் அதைவிட மோசமாகவும் ஆகியிருக்கலாம்.

இடையில் பசை போட்டும் பார்த்தேன். சைலன்சர் பசை, அதன் மேல் ஒரு தகர டப்பாவை வெட்டிச் சுற்றி இரண்டு ஹோஸ் கிளிப். நான்கு மணி நேரம் ஓடியது. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் அதிர்கிற அதிர்ச்சிக்குப் பசை என்ன செய்யும், பாவம். வெல்டிங் வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம், தகடு இருந்தால். துரு உள்ளிருந்து தின்றுகொண்டு வந்திருக்கும்போது வெளியே தெரிகிற ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற தகடும் காகிதம்தான். ஆர்க் பட்டதும் ஓட்டை இன்னும் பெரிதாகும்.

ஏன் உள்ளிருந்து தின்கிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை, எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. மழையில் நிறுத்தியதால் வந்த துரு என்றே நினைத்தேன். பெட்ரோல் எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். எஞ்சின் நன்றாகச் சூடாகி ஓடினால் எல்லாம் ஆவியாக வெளியே போய்விடும். கொட்டகையிலிருந்து வாசலுக்கு நகர்த்துவதற்காக ஐந்து நிமிடம் ஓட்டி அணைத்தால் அந்த ஆவி குளிர்ந்து சைலன்சரின் அடியில் தேங்கும், கரித்துகளோடு சேர்ந்து அமிலத்தன்மையோடு. நான் எத்தனை தடவை அப்படிச் செய்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அழுகியது மிகச் சரியாக அடிமட்டம்தான், மேல்பாதி இன்னும் உறுதியாக இருந்தது.

சரி, வாங்கின கதை. இந்த வண்டிக்கென்று கம்பெனி போட்ட சைலன்சர் இப்போது வருவதில்லை, வந்தாலும் அலமாரியில் கிடந்து துருப்பிடித்ததாகத்தான் கிடைக்கிறது. அதனால் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கிற ரகத்தில் ஒன்றை எடுத்தேன். அலுமினியம் பூசிய எஃகு, உருளை வடிவம், ஒரு இன்ச் மரை வைத்த வாய். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் ஒரே பொருள் நான்கு பெயரில் நான்கு பெட்டியில் வருகிறது.

ஒரு இன்ச் என்று போட்டிருப்பதில்தான் வம்பே இருக்கிறது. பைப் அளவில் ஒரு இன்ச் என்பது ஸ்கேல் வைத்து அளக்கிற ஒரு இன்ச் இல்லை. வெளி விட்டம் 33 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். வெர்னியர் வைத்து 33.4 வந்ததும் இது ஒன்றேகால் இன்ச் போலிருக்கிறது என்று தப்பாக ஆர்டர் போட்டவர்கள் உண்டு. அதைத் தாண்டி வந்தால் அடுத்த பள்ளம், மரை எந்த வகை என்பது. இந்த எஞ்சினில் இருப்பது என்பிடி மரை, அதாவது அமெரிக்க பைப் மரை, இன்ச்சுக்கு பதினொன்றரை, கோணம் 60 டிகிரி, நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். வீட்டுத் தண்ணீர்க் குழாய்களில் உலகத்தின் பாதி இடத்தில் இருப்பது பிஎஸ்பி, அதாவது பிரிட்டிஷ் பைப் மரை, இன்ச்சுக்குப் பதினொன்று, கோணம் 55. பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

எனக்கு முதலில் வந்தது பிஎஸ்பி. விவரத்தில் ஒரு இன்ச் மரை என்று மட்டும்தான் இருந்தது, எந்த மரை என்று ஒரு எழுத்து இல்லை. கையால் திருகினேன், இரண்டரை சுற்று வெண்ணெய் மாதிரி போனது, அப்புறம் இறுகிவிட்டது. புது மரை, கொஞ்சம் பிசிறு இருக்கும், ரெஞ்சு போட்டால் போய்விடும் என்று கை துறுதுறுத்தது. போட்டிருந்தால் வார்ப்பிரும்புப் போர்ட்டின், அதாவது எஞ்சினில் புகை வெளியே வருகிற துளையின், மரையும் போயிருக்கும், அன்றைக்கு மரை கழன்றவன் நானாகத்தான் இருந்திருப்பேன். என்பிடி மரை கையாலேயே நான்கு சுற்றுக்கு மேல் போகவேண்டும், போகவில்லையென்றால் வகை தப்பு அல்லது மரையில் அழுக்கு. உறுதிப்படுத்த ஒரு சுலபமான வழி இருக்கிறது. கழற்றின பழைய துண்டின் மரையையும் புதியதின் மரையையும் பல்லோடு பல் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒரே வகையென்றால் இடையில் வெளிச்சம் வராது. வேறென்றால் ஐந்தாறு மரைக்குள் பல் விலகி, இடுக்கு தெரியும். எனக்குப் பளிச்சென்று தெரிந்தது.

மாற்றித் தந்தார்கள், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனால் மூன்று தடவை எழுதி, இரண்டு படம் அனுப்பி, மரை என்றால் என்ன வகை என்று நானே அவர்களுக்கு விளக்கிய பிறகு. பொருளைப் பற்றித் தெரியாதவர்கள் விற்கிறார்கள் என்பது பதிலைப் படித்தாலே தெரிந்தது. முதல் பதிலில் உங்கள் வண்டியின் மாடல் நம்பர் என்ன என்று கேட்டார்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று எழுதினவர்கள் கேட்கிற கேள்வியா அது?

இனி கழற்றின படலம். இதை விரிவாக எழுதக் காரணம், புதியதை மாட்ட அரை மணி நேரம்தான் ஆனது, பழையதை எடுக்க மூன்று நாள் ஆனது.

முதல் நாள் துரு இளக்குகிற எண்ணெய் அடித்துவிட்டு பைப் ரெஞ்சு போட்டேன். சைலன்சர் உருளை மட்டும் முறுக்கிக்கொண்டு கையோடு வந்தது, வாய்த்துண்டு போர்ட்டிலேயே நின்றுவிட்டது. ஒரு வகையில் நல்லதுதான், வேலை செய்ய இடம் கிடைத்தது. அந்தத் துண்டில் ரெஞ்சு பிடிக்கக்கூட மிச்சம் அரை இன்ச்தான் இருந்தது. இரவு முழுக்க எண்ணெயில் ஊற விட்டேன், காலையிலும் மாலையிலும் சுத்தியலால் சுற்றிலும் லேசாகத் தட்டினேன். ஓங்கி அடிக்கக்கூடாது, வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் விடும்.

இரண்டாம் நாள் சூடு. பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கொட்டகைக்கு வெளியே தூரத்தில் வைத்தேன், குழாயில் மிச்சம் இருந்ததையும் வடித்தேன், பாட்டரி வயரை எடுத்தேன், சுற்றிலும் இருந்த புல் தூசியைத் துடைத்தேன், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துக்கொண்டேன். முந்தின நாள் அடித்த எண்ணெயும் எரியக்கூடியதுதான், அதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் டார்ச்சைப் பற்றவைக்க வேண்டும். சூடு காட்ட வேண்டியது போர்ட்டைச் சுற்றியுள்ள வார்ப்புக்கு. அது விரிந்தால்தான் பிடி தளரும். சூடு இருக்கும்போதே மரை ஓரத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்தேன். மெழுகு உருகி இடுக்கில் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு ஆறவிட்டு ரெஞ்சு போட்டேன். ஒரு கால் சுற்று நகர்ந்தது, கிறீச்சென்று ஒரு சத்தம், எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த இழுப்பில் துண்டு முட்டை வடிவத்துக்கு நசுங்கிவிட்டது, ரெஞ்சு வழுக்கியது, விரல் முட்டி ஃபேன் மூடியில் போய் மோதியது. மருந்து போட்ட கதை இதுதான்.

மூன்றாம் நாள்தான் சரியான வழிக்கு வந்தேன், முதல் நாளே வந்திருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டுவந்தேன். அந்த இடத்தில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், இரும்புத்தூள் சிலிண்டருக்குள் போகாது. போர்ட்டுக்குள் ஆழமாக ஒரு கந்தலைத் திணித்தேன், அதன் வால் வெளியே தொங்கும்படி. பிறகு ஆக்ஸா பிளேடை மட்டும் தனியாகத் துணி சுற்றிக் கையில் பிடித்து, துண்டின் உட்பக்கத்திலிருந்து நீளவாக்கில் அறுக்க ஆரம்பித்தேன். பொறுமைக்குச் சோதனை. ஒரு வெட்டுக்கு நாற்பது நிமிடம். போர்ட்டின் மரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்த வேண்டும், நிறம் காட்டிக்கொடுக்கும், மெல்லிசாகும்போது துண்டின் பளபளப்புக்கு நடுவே துருக்கோடு ஒன்று தெரியும். ஒரு விரல் இடைவெளி விட்டு இரண்டாவது வெட்டு. அந்த நடுத்துண்டைச் சிறிய உளியால் உள்பக்கமாகத் தட்டினேன், மடங்கி வந்தது. அதற்கப்புறம் மிச்சத்துக்குப் பிடியே இல்லை, கொறடால் பிடித்துச் சுருட்டி எடுத்துவிட்டேன். மூன்று நாள் முரண்டு பிடித்தது இரண்டு நிமிடத்தில் வெளியே.

கந்தலை எடுப்பதற்கு முன்னால் தூளை வாக்யூமால் உறிஞ்சினேன், எடுத்த பிறகு இன்னொரு தடவை. மரை வெட்டுகிற கருவியான டேப், ஒரு இன்ச் என்பிடி அளவில் ஒன்றைக் கடன் வாங்கி, எண்ணெய் விட்டு, போர்ட்டின் மரையைச் சுத்தம் செய்தேன். மரையை வெட்டுவதற்கில்லை, அழுக்கை எடுக்க மட்டும், கைக்கு லேசாகப் போகிறவரை போனால் போதும்.

இப்போது புது சைலன்சர். கையில் எடுத்ததும் கனம் தெரிந்தது, பழையதின் பாதியைத் துரு தின்றிருந்ததால் எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். வெல்டிங் நன்றாக இருக்கிறது, சுற்றிலும் விடாமல் ஓடியிருக்கிறது, உள்ளே விரலை விட்டால் தடுப்புத் தகடு ஆடவில்லை. அடியில் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு ஓட்டை இருந்தது. புதிதிலேயே ஓட்டையா என்று கோபம் வந்து, வெல்டிங் வைத்து அடைக்கலாம் என்று எடுத்து வைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, தண்ணீர் வடிவதற்காக வேண்டுமென்றே போட்ட ஓட்டை. பழையதில் இது இல்லை, அதனால்தான் அடி அழுகியது. இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இந்த ஓட்டைதான். ஆனால் அதைப் பற்றிப் பெட்டியிலோ காகிதத்திலோ ஒரு வரி கிடையாது. எத்தனை பேர் அடைத்திருப்பார்களோ! மாட்டும்போது ஓட்டை கீழ்ப்பக்கம் வரவேண்டும், வராவிட்டால் அது இருந்தும் பயனில்லை.

குறைகள். கூட வந்த லாக் நட் மெல்லிசு, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தடித்த ஒன்றை மாட்டினேன். கறுப்புப் பெயின்ட் அதிகச் சூடு தாங்கும் என்று போட்டிருக்கிறது, வாய்ப்பக்கத்தில் முதல் மணி நேரத்திலேயே சாம்பலாக உதிர்ந்தது. பெரிய குறை, தாங்குகிற பிராக்கெட் எதுவும் தரவில்லை, அதை மாட்ட உருளையில் ஒரு காதுகூட இல்லை. இவ்வளவு கனத்தை ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் வெறும் மரையில் தொங்கவிட்டால் ஒன்று வாய் வெல்டிங்கில் விரியும், இல்லையென்றால் போர்ட் மரை தேயும். நான் 3 மில்லிமீட்டர் பட்டைத் தகட்டை வளைத்து, உருளையைச் சுற்றி ஒரு கிளாம்பு போட்டு, எஞ்சின் பிளாக்கிலேயே காலியாக இருந்த ஒரு போல்ட் துளையில் கட்டினேன். வண்டியின் சட்டத்தில் கட்டக்கூடாது. எஞ்சின் ஒரு பக்கம் ஆடும், சட்டம் இன்னொரு பக்கம் ஆடும், நடுவில் சைலன்சர் மாட்டிக்கொள்ளும்.

மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டவே வேண்டாம். அது 327 டிகிரியில் உருகும், இந்த இடத்தில் வருகிற புகை அதைச் சுலபமாகத் தாண்டும், கருகினால் வருகிற ஆவியும் மூச்சுக்கு ஆகாது. மரை இறுகிப்போய் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் போடுகிற, நிக்கல் கலந்த ஆன்டி சீஸ் பசையைத்தான் தடவினேன், அடுத்த தடவை கழற்றுகிறவன் கையும் மனிதக் கைதானே. இன்னொன்று, இந்த மரை குறுகிக்கொண்டே போவதால் இறுக்கிவிட்டுப் பின்னால் திருப்பினால் கசியும். புகை வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, அந்த நிலைக்கு இறுக்கிக்கொண்டே வந்து நிறுத்த வேண்டும். தாண்டிவிட்டால் இன்னொரு முழுச் சுற்று போகிறதா பாருங்கள். எனக்கு ஓட்டை கீழேயும் புகை வாய் முன்பக்க ஓரமாகவும் ஒரே நிலையில் அமைந்தது, அதிர்ஷ்டம்தான்.

முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோது வெள்ளைப் புகை பொங்கியது. பெயின்ட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் எரிகிற புகை, கால் மணி நேரத்தில் நின்றது. வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்துதான் இதைச் செய்ய வேண்டும். கொட்டகைக்குள் கதவைத் திறந்து வைத்திருந்தாலும் கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆறின பிறகு லாக் நட்டை இன்னொரு தடவை இறுக்கினேன், கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக நகர்ந்தது. இதைச் செய்யாமல் விட்டால் இரண்டாம் வாரம் தானாகக் கழன்று வரும்.

சத்தம் எப்படி? முன்னால் டப் டப் என்று காதில் அறைந்தது, இப்போது அடித்தொண்டையில் பேசுகிற மாதிரி இருக்கிறது. பக்கத்தில் நிற்கிறவரிடம் குரலை உயர்த்தினால் போதும், கத்த வேண்டாம். அதற்காகக் காது மூடியைக் கழற்றிவிடவில்லை. எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் பத்திரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்று கணக்கு. பழைய டிராக்டரும் அதன் புல் வெட்டுகிற பிளேடும் சேர்ந்து போடுகிற சத்தம், சைலன்சர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அந்த எல்லைக்குள் நிற்காது.

சக்தி கூடியதா என்றால் இல்லை. குறையவும் இல்லை. சைலன்சரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைத்தால் வண்டி பறக்கும் என்று சொல்கிறவர்களுக்கு, வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னர் 3600 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்திருக்கிற எஞ்சின் எங்கே பறக்கப்போகிறது என்று மட்டும் கேட்டுவைக்கிறேன். கார்புரேட்டரின் மெயின் ஊசியை மட்டும் ஒரு பொட்டுத் திருகி மறுபடி சரிசெய்தேன், ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை தேவையில்லாமல் அதைக் கலைத்தது நான்தான். பட் பட் வெடிப்பு முற்றிலும் நின்றுவிட்டது.

இதுவரை 40 மணி நேரம் ஓடியிருக்கிறது. வாய் ஓரத்தில் பெயின்ட் போன இடம் பழுப்பாக இருக்கிறது, தகடு உறுதியாகத்தான் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் அடி ஓட்டையிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டுகிறது, தரையில் நாணய அளவுக்கு ஒரு கறை. பிராக்கெட் போல்ட் ஒரு தடவை தளர்ந்தது, ஸ்பிரிங் வாஷர் போட்ட பிறகு இல்லை. வெல்டிங்கில் விரிசல் எதுவும் கண்ணில் படவில்லை.

வாங்கலாமா? உங்கள் எஞ்சினில் மரைப் போர்ட் என்றால், மரை வகையை எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டு, பிராக்கெட்டை நீங்களே செய்துகொள்ள முடியும் என்றால் வாங்கலாம். இரண்டு போல்ட்டும் கேஸ்கெட்டும் வைத்து இறுக்குகிற ரகம் என்றால் இது உங்களுக்கானது இல்லை, மரையையும் போல்ட்டையும் இணைக்க அடாப்டர் தேடி அலையாதீர்கள், அந்த எஞ்சினுக்கென்றே வருவதை எடுங்கள்.

இன்னொரு விஷயம். சைலன்சர் சத்தம் அடங்கியதும் இத்தனை வருடமாகக் கேட்காத ஒரு கிர்ர்ர் காதில் விழ ஆரம்பித்தது. முதலில் வால்வு என்று பயந்தேன். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அதை இறுக்கமாக வைத்திருக்கிற ஐட்லர் புல்லியைக் கையால் சுற்றினால் மணல் அரைக்கிற மாதிரி இருக்கிறது. பேரிங் 6203, உள் விட்டம் 17, வெளி விட்டம் 40. ஆர்டர் போட்டாகிவிட்டது, வேறு இடத்தில்.